போர்டர்லேண்ட்ஸ் 2: இன்றும் விளையாடலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள், டைப்பிங், இணையம், போட்டோ, பாட்டு என்று எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்து முடித்தபின், அடுத்ததாகத் தேடுவது நல்ல கேம் ஒன்றைத்தான். நண்பர்களைக் கேட்டால், அண்மையில் வெளியான கேமின் பெயரைச் சொல்வார்கள். அதன் தேவைகளைப் பார்த்தால் தலை சுற்றும். எடுத்துக்காட்டாக, 2025 செப்டம்பரில் வெளியான போர்டர்லேண்ட்ஸ் 4 கேமிற்குக் குறைந்தது 16 ஜிபி ராம், எஸ்.எஸ்.டி. டிரைவில் 100 ஜிபி காலி இடம், 8 ஜிபி மெமரி கொண்ட கிராபிக்ஸ் கார்டு ஆகியவை வேண்டும். வீட்டு உபயோகத்திற்காக வாங்கிய கம்ப்யூட்டரில் இவை இருக்க வாய்ப்பு குறைவு.

இப்படிப்பட்டவர்களுக்கு நான் பரிந்துரைப்பது, அதே வரிசையில் 2012ல் வந்த போர்டர்லேண்ட்ஸ் 2 கேமினை. இவ்வளவு பழைய கேம் இன்றைக்கு விளையாடத் தகுந்ததா? பணத்திற்கும் நேரத்திற்கும் பயன் உண்டா? தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத, 8 ஜிபி ராம் கொண்ட லேப்டாப் ஒன்றில் இதனை மீண்டும் முதலிலிருந்து விளையாடிப் பார்த்தேன். அதில் கண்டவற்றை இங்கு தருகிறேன்.

லூட்டர் ஷூட்டர் என்றால் என்ன?

கேம்களில் பல வகைகள் உண்டு. நம் கண் வழியே பார்ப்பது போல திரையில் துப்பாக்கி மட்டும் தெரிய, எதிரிகளைச் சுட்டுச் செல்வது ஷூட்டர் வகை. எதிரி விழுந்தவுடன் அவனிடமிருந்து பணம், தோட்டா, புதிய ஆயுதம் எனப் பொருட்கள் சிதறுவதும், அவற்றைப் பொறுக்கி நம்மை வலுவாக்கிக் கொள்வதும் லூட் எனப்படும். இந்தப் பழக்கத்தை 1996ல் வந்த டயாப்ளோ கேம் பரவலாக்கியது. இந்த இரண்டையும் சேர்த்ததுதான் லூட்டர் ஷூட்டர்.

அமெரிக்காவின் கியர்பாக்ஸ் நிறுவனம் உருவாக்கிய முதல் போர்டர்லேண்ட்ஸ் கேம் 2009 அக்டோபரில் வெளியானது. இதில் துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக யாரும் வரைந்து வைக்கவில்லை. குழல், பிடி, தொலைநோக்கி போன்ற பாகங்களை கம்ப்யூட்டரே கலந்து இணைத்துப் புதிது புதிதாக உருவாக்கித் தரும். இதனால் கிடைத்த வகைகள் 1 கோடியே 77 லட்சத்திற்கும் மேல் என்று கின்னஸ் பதிவு செய்தது. இதன் அடுத்த பாகம் 2012 செப்டம்பர் 18ல் வெளியானது. அதுதான் நாம் பார்க்கப் போவது.

கதை என்ன?

பண்டோரா என்பது ஒரு வறண்ட கிரகம். அங்கே எங்கோ புதைந்திருக்கும் வால்ட் என்னும் பெரும் பெட்டகத்தைத் தேடி வரும் கூலிப்படை வீரர்களில் ஒருவர் நீங்கள். ஹைபீரியன் என்ற ஆயுத நிறுவனத்தின் தலைவன் ஹேண்ட்சம் ஜாக், அதே பெட்டகத்தைத் திறந்து கிரகத்தையே தன் கைக்குள் கொண்டுவர நினைக்கிறான். ஆரம்பத்திலேயே நீங்கள் வரும் ரயிலைத் தகர்த்து, பனி வெளியில் சாகும்படி விட்டுவிடுகிறான்.

இந்த ஜாக்தான் கேமின் பெரிய பலம். தானே நல்லவன், மற்றவர்கள் எல்லாரும் கொள்ளையர்கள் என்று உண்மையாகவே நம்புபவன். நீங்கள் நடந்து கொண்டிருக்கும்போதே ரேடியோவில் வந்து கிண்டல் செய்வான். முதலில் சிரிப்பு வரும். போகப் போக அவன் செய்யும் கொடுமைகள் தெரியவர, அந்தச் சிரிப்பு மறைந்துவிடும். இத்தனை ஆண்டுகள் கழித்தும் இந்த எழுத்தின் வலு குறையவில்லை. அதே நேரத்தில், 2012ல் இணையத்தில் உலவிய நகைச்சுவைத் துணுக்குகளை வைத்து எழுதிய சில இடங்கள் இன்று பழசாகிவிட்டன.

என் கம்ப்யூட்டரில் ஓடுமா?

அன்று அறிவிக்கப்பட்ட குறைந்தபட்சத் தேவை இதுதான்: 2.4 கிகா ஹெர்ட்ஸ் டூயல் கோர் ப்ராசசர், 2 ஜிபி ராம், 13 ஜிபி காலி இடம், 2007ஆம் ஆண்டளவில் வந்த ஜிபோர்ஸ் 8500 கிராபிக்ஸ் கார்டு. பரிந்துரைக்கப்பட்டது குவாட் கோர் ப்ராசசரும் 20 ஜிபி இடமும். அண்மையில் வாங்கிய கம்ப்யூட்டர் எதுவும், ப்ராசசருடன் இணைந்து வரும் கிராபிக்ஸ் வசதியைக் கொண்டே இதனை எளிதாக இயக்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேவைகள் பட்டியலில் விண்டோஸ் எக்ஸ்பி என்று இருப்பதைப் பார்த்துப் பழைய கம்ப்யூட்டரில் முயற்சிக்க வேண்டாம். இந்த கேம் கிடைக்கும் ஸ்டீம் தளத்தின் புரோகிராம், 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7 மற்றும் 8க்கான ஆதரவை நிறுத்திவிட்டது. எனவே விண்டோஸ் 10 அல்லது 11 இருக்க வேண்டும்.

திரையில் பார்க்கும்போது இது பழைய கேம் என்று தோன்றுவதில்லை. இதற்குக் காரணம் உண்டு. நிஜம் போலக் காட்ட முயலும் கேம்கள் சில ஆண்டுகளிலேயே பழசாகத் தெரியும். இதில் ஒவ்வொரு உருவத்தையும் சுற்றிக் கறுப்புக் கோடு இட்டு, காமிக்ஸ் புத்தகப் படம் போலவே வரைந்துள்ளனர். காமிக்ஸ் படத்திற்கு வயதாவதில்லை.

முதலில் மாற்ற வேண்டிய செட்டிங்ஸ்

கேமினை இன்ஸ்டால் செய்தவுடன் கீழ்க்காணும் மாற்றங்களைச் செய்திடுங்கள்.

1. வீடியோ பிரிவில் பிஸ்எக்ஸ் என்பதை லோ என அமைக்கவும். துணி, திரவம், சிதறல் போன்றவற்றைக் கணக்கிட்டுக் காட்டும் வசதி இது. கம்ப்யூட்டருக்குப் பெரும் சுமை தரும். 2025 ஆரம்பத்தில் வந்த என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 50 வரிசை கார்டுகளில், பழைய கேம்கள் பயன்படுத்தும் 32 பிட் பிஸ்எக்ஸ் ஆதரவு கைவிடப்பட்டிருந்தது. இதனால் விலை உயர்ந்த கார்டிலும் இந்த கேம் திணறியது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த டிரைவரில் போர்டர்லேண்ட்ஸ் 2 உட்படச் சில கேம்களுக்கு மட்டும் ஆதரவு திரும்பக் கிடைத்தது. லோ என வைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

2. பார்வைக் கோணத்தை 90 அல்லது 100 என உயர்த்தவும். குறுகிய கோணத்தில் விளையாடும்போது சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வரும். இதில் 110 வரை உயர்த்தலாம்.

3. நொடிக்குக் காட்டும் பிரேம்களின் எண்ணிக்கையை 60க்கு மிகாமல் கட்டுப்படுத்தவும். லேப்டாப் சூடாவது குறையும்.

4. கேம் மெதுவாக ஓடினால் ரெசல்யூஷனை 1280 x 720 என மாற்றிப் பாருங்கள். நான் லேப்டாப்பில் இதனையே பயன்படுத்தினேன். சண்டையின் நடுவிலும் தடங்கல் இல்லை.

யாராக விளையாடலாம்?

தொடக்கத்தில் நான்கு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதல் முறை ஷூட்டர் விளையாடுபவர்கள் ஆக்ஸ்டனை எடுக்கலாம். இவரிடம் தானாகவே எதிரியைக் குறி பார்த்துச் சுடும் இயந்திரத் துப்பாக்கி ஒன்று உண்டு. அதனைத் தரையில் வைத்துவிட்டு, நீங்கள் மறைவாக நின்று நிதானமாகக் குறி பார்க்கலாம். மாயா எதிரியை அந்தரத்தில் கட்டி நிறுத்துவாள். சால்வடார் இரு கைகளிலும் துப்பாக்கி ஏந்துவார். ஸீரோ தன் போலி உருவத்தை விட்டுவிட்டு மறைந்து செல்வார். இந்தச் சிறப்புத் திறன்கள் 5ஆம் நிலையை எட்டிய பின்னரே கிடைக்கும். அதுவரை முதல் ஒரு மணி நேரம் சற்று மெதுவாகவே செல்லும். பொறுத்துக் கொள்ளுங்கள்.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதியவர்கள் குழம்பும் இடம் இதுதான். கீழே கிடக்கும் துப்பாக்கியின் அருகே சென்றால் ஒரு அட்டை தோன்றும். அதன் நிறம் அரிதான தன்மையைக் காட்டும். வெள்ளை சாதாரணம். அதற்கு மேல் பச்சை, நீலம், ஊதா என உயர்ந்து, ஆரஞ்சு மிக அரிதானது.

நிறத்தை மட்டும் பார்த்து எடுக்க வேண்டாம். அட்டையில் பாதிப்பு எவ்வளவு, நொடிக்கு எத்தனை முறை சுடும் என்ற இரு எண்கள் இருக்கும். இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். பாதிப்பு 70, நொடிக்கு 1.5 முறை என்றால் கிடைப்பது 105. பாதிப்பு 40 மட்டுமே, ஆனால் நொடிக்கு 3 முறை என்றால் 120. இரண்டாவதுதான் வேகமாக எதிரியை வீழ்த்தும். தோட்டாவும் கூடுதலாகச் செலவாகும் என்பதையும் மனதில் கொள்ளுங்கள்.

அடுத்து தயாரிப்பாளர் பெயர். கேமிற்குள் 8 கற்பனை நிறுவனங்கள் துப்பாக்கி செய்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. ஜேகப்ஸ் துப்பாக்கி நீங்கள் மவுஸை எவ்வளவு வேகமாக அழுத்துகிறீர்களோ அவ்வளவு வேகமாகச் சுடும். ஹைபீரியன் சுடச் சுடக் குறி கூர்மையாகும். டீடியோர் துப்பாக்கியில் தோட்டா மாற்றும்போது அதனையே தூக்கி எறிந்துவிடுவீர்கள். அது குண்டு போல வெடிக்கும். கையில் புதிதாக ஒன்று வந்துவிடும். ஒரு மாலை விளையாடினாலே, பெயரைப் பார்த்தவுடன் எது வேண்டும், எது வேண்டாம் என்று தெரிந்துவிடும்.

தீ, மின்சாரம், அமிலம் ஆகிய தன்மை கொண்ட துப்பாக்கிகளும் உண்டு. தீ உடலுக்கு, மின்சாரம் மின் கவசத்திற்கு, அமிலம் இரும்புக் கவசத்திற்கு. இந்த மூன்றில் ஒவ்வொன்றைக் கையில் வைத்துக் கொண்டால் கேம் பாதி எளிதாகிவிடும்.

மின்சாரம் போனால்?

இந்த கேமில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. சில குறிப்பிட்ட கம்பங்களைக் கடக்கும்போதுதான் நீங்கள் நிற்கும் இடம் பதிவாகும். அடுத்த முறை தொடங்கும்போது கடைசியாகக் கடந்த கம்பத்திலிருந்து ஆரம்பிப்பீர்கள். நீங்கள் வீழ்த்திய எதிரிகள் மீண்டும் நிற்பார்கள். எனவே நிறுத்துவதற்கு முன் அடுத்த கம்பம் வரை சென்றுவிடுவது நல்லது.

சேவ் செய்த பைல்கள், டாகுமெண்ட்ஸ் போல்டரில் மை கேம்ஸ், போர்டர்லேண்ட்ஸ் 2, வில்லோகேம், சேவ்டேட்டா என்ற வரிசையில் இருக்கும். வாரம் ஒரு முறை அந்த போல்டரை பென் டிரைவில் காப்பி செய்து வையுங்கள். விண்டோஸை மீண்டும் இன்ஸ்டால் செய்ய நேர்ந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

புதியதை விட்டுப் பழையது ஏன்?

இதே வகையில் புதிய கேம்கள் பல உள்ளனவே, சில இலவசமாகவே கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். வார்பிரேம் 2013லிருந்து இலவசம். டெஸ்டினி 2 கேமின் அடிப்படைப் பகுதி 2019 அக்டோபரில் இலவசமானது. ஆனால் இவை நிறுவனத்தின் சர்வருடன் இணைந்திருந்தால்தான் இயங்கும். இணையம் நின்றால் கேம் நிற்கும். நிறுவனம் நிறுத்தினால் நிரந்தரமாக நிற்கும்.

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 2019 பிப்ரவரியில் ஆந்தெம் என்னும் லூட்டர் ஷூட்டரை வெளியிட்டது. முழு விலை கொடுத்துப் பலர் வாங்கினார்கள். 2026 ஜனவரி 12 அன்று சர்வர்களை மூடுவதாக 2025 ஜூலையில் அந்நிறுவனம் அறிவித்தது. அதில் தனியாக, இணையம் இல்லாமல் விளையாடும் வசதி கிடையாது. சர்வர் இல்லையென்றால், காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் வெறும் தட்டுதான்.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் இருக்கிறது. 2007ல் வந்த ஹெல்கேட் லண்டன் கேமினைத் தயாரித்த பிளாக்ஷிப் நிறுவனம் அடுத்த ஆண்டே மூடப்பட்டது. 2009 ஜனவரி இறுதியில் அதன் ஆன்லைன் சர்வர்களும் நின்றன. ஆனாலும் தனியாக விளையாடும் பகுதி டிஸ்க்கிலேயே இருந்ததால், வாங்கியவர்கள் தொடர்ந்து விளையாட முடிந்தது.

போர்டர்லேண்ட்ஸ் 2 இந்த இரண்டாவது வகை. ஒரு முறை டவுண்லோட் செய்து இயக்கிய பின், ஸ்டீம் மெனுவில் கோ ஆஃப்லைன் என்பதனைக் கிளிக் செய்து, இணையம் இன்றியே முழுக் கதையையும் விளையாடலாம். வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்து, இரண்டிலும் கேம் இருந்தால் லேன் இணைப்பில் சேர்ந்தும் விளையாடலாம். ஸ்டீமில் நாம் வாங்குவதும் சட்டப்படி ஓர் உரிமம்தான். என்றாலும், கதையும் எதிரிகளும் துப்பாக்கிகளும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. இதனை நான் பெரிய வேறுபாடாகவே கருதுகிறேன்.

எங்கே நிறுத்துவது?

இதனைச் சொல்லாமல் இந்த கேமினைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. அடுத்த எதிரியிடம் ஆரஞ்சு நிறத் துப்பாக்கி கிடைக்குமா கிடைக்காதா என்பது யாருக்கும் தெரியாது. இந்தத் தெரியாத நிலைதான் நம்மை நாற்காலியில் கட்டிப்போடுகிறது. எப்போது தீனி விழும் என்று தெரியாதபோதுதான் புறாக்கள் விடாமல் பொத்தானைக் கொத்திக் கொண்டே இருந்தன என்று உளவியல் அறிஞர் ஸ்கின்னர் தன் ஆய்வுகளில் காட்டினார். லூட்டர் ஷூட்டரின் அடிப்படை விசை இதுதான்.

எடுத்துக்காட்டாக, ஆரம்பத்தில் வரும் நக்கிள் டிராகர் என்னும் பெரிய குரங்கு ஹார்னெட் என்ற அரிய கைத்துப்பாக்கியைத் தரலாம். தராமலும் போகலாம். கேமிலிருந்து வெளியேறி மீண்டும் வந்தால் அது உயிரோடு நிற்கும். இதற்காகவே அதனைத் திரும்பத் திரும்ப வீழ்த்துபவர்கள் உண்டு. அப்படிக் கிடைக்கும் துப்பாக்கியும், உங்கள் நிலை உயர உயரச் சில மணி நேரத்தில் வலுவிழந்துவிடும்.

என் கருத்தில் இந்த கேமின் உண்மையான சொத்து அதன் கதை. பக்கக் கதைகளைத் தவிர்த்தால் சுமார் 30 மணி நேரத்தில் முடியும். தினமும் ஒரு மணி நேரம் என்றால் ஒரு மாதம். அதன் பின்னர், அதே கதையைக் கடினமான எதிரிகளுடன் இரண்டாம் முறையும், மூன்றாம் முறையும் விளையாடச் சொல்லும். மூன்றாம் சுற்றில் எதிரிகளின் உயிர் தானாகவே கூடும். ஸ்லாக் என்னும் ஊதாத் திரவத்தை முதலில் அவர்கள் மீது பூசாமல் எந்தத் துப்பாக்கியும் எடுபடாது. எனக்கு அது வேலையாகத்தான் தோன்றியது. கதை முடிந்து பெயர்கள் ஓடும்போது நிறுத்திக் கொள்வதே நிறைவு.

இன்னும் வேண்டும் என்றால், 2013 ஜூனில் வந்த டைனி டீனாஸ் அசால்ட் ஆன் டிராகன் கீப் என்ற கூடுதல் கதையை விளையாடுங்கள். நெருங்கியவர் ஒருவரின் மறைவை ஏற்க மறுக்கும் சிறுமி, நண்பர்களை மேசையைச் சுற்றி உட்கார வைத்துக் கற்பனை விளையாட்டு ஒன்றை நடத்துகிறாள். முதன்மைக் கதையை முடித்தவர்களுக்கு இதன் முடிவு மனதைத் தொடும்.

வாங்கும் முன்

பழைய கேம் என்பதால் ஸ்டீமில் அடிக்கடி பெரிய தள்ளுபடி கிடைக்கும். 2025 ஜூனில் சில நாட்கள் இலவசமாகவே கொடுத்தார்கள். எனவே அவசரப்பட வேண்டாம். விஷ்லிஸ்ட்டில் சேர்த்துவிட்டால், விலை குறையும்போது ஸ்டீம் மெயில் அனுப்பும். கூடுதல் கதைகளும் வேண்டும் எனில், நான்கு கதைகளும் இரண்டு கூடுதல் வீரர்களும் அடங்கிய கேம் ஆஃப் த இயர் தொகுப்பின் விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்திற்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்கள் கம்ப்யூட்டரில் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்க இந்த நேரம் போதும்.

இலவசமாக முழு கேம் தருகிறோம், தங்கச் சாவி உருவாக்கித் தருகிறோம் என்று அழைக்கும் தளங்கள் பக்கம் போகாதீர்கள். தங்கச் சாவிக்கான குறியீடுகளை வெளியிடுவது கியர்பாக்ஸ் மட்டுமே. மற்றவர்கள் தரும் புரோகிராம்களுடன் வைரஸும் சேர்ந்து வரலாம். அப்போது புதுக் கம்ப்யூட்டரையே பார்மட் செய்ய வேண்டியதிருக்கும்.

பெற்றோருக்கு ஒரு சொல். காமிக்ஸ் போல இருப்பதால் குழந்தைகளுக்கான கேம் என்று எண்ணிவிட வேண்டாம். ரத்தமும் ஆபாசப் பேச்சும் நிறைய உண்டு. அமெரிக்காவில் 17 வயதிற்கு மேற்பட்டவர்களுக்கு என்றும், ஐரோப்பாவில் 18க்கு மேல் என்றும் தரச் சான்று பெற்றுள்ளது.

வயது வந்தவர், சாதாரண கம்ப்யூட்டர், மாலையில் ஒரு மணி நேரம் என்பதுதான் உங்கள் நிலை என்றால், போர்டர்லேண்ட்ஸ் 2 இன்றும் தாராளமாக விளையாடலாம். தள்ளுபடி வரும்போது வாங்கி, ஆக்ஸ்டனுடன் தொடங்கிப் பாருங்கள்.